ரேஞ்சர் கடைசியில்தான் குடிப்பான்

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, அவர்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நிற்பார். சிலிண்டர் போடுகிறவர், கூரியர்காரர் என்றெல்லாம் பேதம் கிடையாது. தண்ணீர் மோட்டார் விஷயமாகச் சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரரிடமும் "மொதல்ல தண்ணி குடி சார், அப்பால திட்டு" என்று நீட்டினார். அவர் குடித்தார். குடித்த பிறகு திட்டுவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, கரண்ட் பில்லைப் பற்றி ஏதோ பேசிவிட்டுப் போனார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ரொம்ப நாள் சிரித்தோம்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தண்ணீரே எதிரியாகிவிட்டது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் அம்பத்தூரில் டயாலிசிஸ். நான் ஒன்று கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு என்னுடையது ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் அளவுதான். காபி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஆகி, அவர் மூச்சுக்கு அல்லாடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாளே அந்த பாட்டிலை என் கைக்கு எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசிய வார்த்தை "எவ்ளோ?" என்பதுதான். சாப்பிட்டு எழுந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். "எவ்ளோ?" நான் "ரெண்டு மடக்கு" என்பேன். மாத்திரை நேரத்தில் "எவ்ளோ?" என்பார். "ஒரு மடக்கு போதும்" என்பேன். தாகம் தாங்காதபோது வாஷ்பேசினில் வாய் கொப்புளிப்பார். நான் சமையலறையில் நின்றுகொண்டு, துப்புகிற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். கட்டின புருஷன் துப்புகிறாரா என்று காவல் காக்கிற பிழைப்பு. சீ என்று இருக்கும். ஆனாலும் கேட்பேன்.

எங்கள் வீட்டுக்குள் ஒரு விளையாட்டு வந்தது மாடிவீட்டுப் பெண்ணால். கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி.யில் வேலை, தனியாகக் குடியிருந்தாள். இவர் ஆவடித் தொழிற்சாலை வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வீட்டோடு கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பலகை கிடையாது, காய் நகர்த்துவது கிடையாது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். அதன் விதிப்புத்தகம் செங்கல் கனம் இருந்தது. நான் வேலை பார்ப்பது மென்பொருள் சோதனையில், அடுத்தவன் எழுதியதில் ஓட்டை தேடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இரண்டு வாரத்தில் அந்தச் செங்கல்லைக் கரைத்துக் குடித்துவிட்டேன். அதனால் கதை நடத்துகிற வேலை என் தலையில் விழுந்தது.

மாடிவீட்டுப் பெண் மந்திரவாதியானாள். இவருடைய தொழிற்சாலை நண்பர், டயாலிசிஸுக்குப் பாதி நாள் பைக்கில் கூட்டிப் போகிறவர், வாள்வீரன். "அண்ணி, எனக்கு ரூல்ஸெல்லாம் வாணாம், எவன வெட்டணும்னு மட்டும் சொல்லு" என்றார். என் கணவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ரேஞ்சரைப் பிடித்துக்கொண்டார்.

ரேஞ்சர் என்றால் காட்டோடு பழகியவன். தடம் பார்த்து வழி கண்டுபிடிப்பான், வில் எய்வான், கூடவே ஒரு நாய். இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எல்லோரும் ரேஞ்சரைப் பற்றிப் புலம்புவார்கள் என்று மாடிவீட்டுப் பெண் முதலிலேயே எச்சரித்தாள். காட்டுக்குள் அவன் ஒருவனே எல்லாவற்றையும் செய்துவிடுவான், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஊருக்குள் வந்தால் அவனுக்கு வேலையே இருக்காது. எங்கள் மேஜையிலும் அதேதான் நடந்தது. கதை சந்தைக்கும் அரண்மனைக்கும் போனபோது, "இன்னாம்மே, நான் சும்மா குந்திகினு கீறேன், எனக்கு எதுனா குடு" என்றார். நானும் கூட்டத்தில் ஆள் முகத்தைப் பார்த்துப் பொய் கண்டுபிடிக்கிற திறமை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அது சரியாக வந்தது.

அவர் பேசுகிற 'கீறேன்', 'கீது' எல்லாவற்றையும் நான் கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்துகொண்டிருந்தேன். நான் திருச்சிக்காரி. அவர் ஆவடிப் பக்கம் வெள்ளானூரில் பிறந்து வளர்ந்தவர். "ஒரு தடவையாவது 'இருக்கு'ன்னு சொல்லுங்க, நாக்கு சுளுக்கிக்காது" என்பேன். "நீ ஒரு தபா 'கீது'ன்னு சொல்லு, அப்ப சொல்றேன்" என்பார். பதினைந்து வருஷக் கல்யாணத்தில் இரண்டு பேரும் சொல்லவில்லை.

வம்பு வந்தது பாலைவனத்தில். மாதக்கணக்காக யோசித்து ஒரு பாலைவனம் தயார் செய்து வைத்திருந்தேன். மணற்புயல், பாழடைந்த கோட்டை, தாகத்தில் தவிக்கிற குழு. மூன்று பேரும் ஆளுக்கொரு முடிவெடுத்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று ஆசையாக இருந்தேன். என் கணவர் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ரேஞ்சர் கூட இருக்கும்வரை அந்தக் குழுவுக்கு எந்த நிலத்திலும் தண்ணீர் கிடைத்துவிடும். அவ்வளவுதான், பகடைகூட வேண்டாம்.

"நான் தண்ணி தேட்றேன். கெடச்சிச்சு. எல்லாரும் வாங்க, குடிங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சொம்பை நீட்டுவதுபோலவே கையை நீட்டினார். மந்திரவாதிக்கு, வாள்வீரனுக்கு, நாய்க்கு என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஊற்றினார். அடுத்த நாள் பயணத்திலும் அதே, அதற்கடுத்த நாளும் அதே.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் கூட இருந்தா பாலைவனமே பூந்தமல்லி பைபாஸ் மாதிரி ஆயிப்போச்சுங்க. வழியெல்லாம் தண்ணிப் பந்தலுங்க. இதுல எனக்கென்னங்க வேலை?" என்றாள் மாடிவீட்டுப் பெண். அவள் சொன்னது நியாயம். தாகமில்லாத பாலைவனம் என்ன பாலைவனம்? அந்த வாரமே புது விதி எழுதினேன். தண்ணீர் தேடினால் இனிப் பகடை உருட்ட வேண்டும். நன்றாக விழுந்தால் எல்லோருக்கும் தண்ணீர், சுமாராக விழுந்தால் ஆளுக்கு அரை வயிறு, மோசமாக விழுந்தால் ஒன்றுமில்லை. பறித்ததற்கு ஈடாக அம்பின் வலிமையைக் கூட்டியிருந்தேன். கணக்குப்படி அவருக்கு லாபம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் கணக்கில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் விதியைப் படித்துக் காட்டினேன். மாடிவீட்டுப் பெண் இன்னும் இறங்கி வரவில்லை. நண்பரும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"இது இன்னாத்துக்கு?" என்றார்.

"பேலன்ஸ் பண்ண வேணாமா? அம்பு பாருங்க, எவ்வளவு ஏத்தியிருக்கேன்."

"அம்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது? தண்ணிய ஏன் புட்ங்குற?"

"விளையாட்டுங்க இது. விளையாட்டுல கூடவா பிடிவாதம் பிடிப்பீங்க?"

"ஊட்ல பாட்டில் உன் கைல கீது. அங்க கூட உன் கைலதான் இருக்கணுமா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. யாருக்காக அந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அலைகிறேன்? ஆசைப்பட்டா? "ஆமா, நான்தான் ராட்சசி. குடிங்க, குடத்தோட குடிங்க. அப்புறம் மூச்சு முட்டும்போது என்னைக் கூப்பிடாதீங்க" என்று கத்தினேன். அவர் பகடையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து நண்பர் வந்தார். நல்ல சித்திரை வெயில். ஆவடியிலிருந்து பைக்கில் வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் எழுந்தார். எங்கள் சண்டை எதுவும் நடக்காததுபோல, பழைய பழக்கத்தில் சமையலறைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"வாணாம் மச்சான். இப்பதான் வழில டீ குட்ச்சேன்" என்றார் நண்பர். உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. பின்னாலேயே மாடியிலிருந்து இறங்கி வந்த பெண்ணிடம் இவர் நீட்டினார். "வேண்டாங்ண்ணா, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேனுங்க."

இதை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இவருக்கு நோய் வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் தாங்களாகவே இப்படி ஆகியிருந்தார்கள். குடிக்க முடியாத மனுஷன் முன்னால் எப்படிக் குடிப்பது என்கிற நல்ல மனசு. வெள்ளானூரிலிருந்து வருகிற என் மாமியார்கூடத் தண்ணீர் தாகமே தனக்கு எடுப்பதில்லை என்பார். அப்புறம் குளியலறைக்குள் போய் டம்ளரில் குடிப்பார். நானும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் குடித்தேன்.

இவர் சொம்பை மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது.

"டேய், இன்னாங்கடா நெனச்சிகினு கீறீங்க எல்லாரும்? நான் குடிக்கக் கூடாது, சரி, என் தலயெழுத்து. நீங்க ஏண்டா குடிக்க மாட்றீங்க? என் ஊட்டுக்கு வந்தவன் எவனும் இப்ப என் கைல ஒரு வாய் தண்ணி வாங்கறது கெடயாது. சாவு ஊட்டுக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போறீங்க. நான் இன்னும் சாவலடா."

நண்பர் அப்படியே தரையைப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"அங்க ஒரு எடத்துலதான் நான் குடுத்தா குடிக்கிறானுங்க. அதையும் புட்ங்கிட்டியே."

 அவருக்குத் தாகம் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். பாலைவனத்தில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்பது அந்த ஏக்கத்தில்தான் என்று இருந்தேன். அவர் அங்கே ஒருமுறைகூடக் குடித்ததில்லை, ஊற்றிக் கொடுத்துக்கொண்டு மட்டும்தான் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் நண்பர்தான் சொம்பை எடுத்தார். அண்ணாந்து, கழுத்து ஏறி இறங்க, மடக் மடக்கென்று முழுசாகக் குடித்துத் தீர்த்துவிட்டு, "இன்னொரு சொம்பு கொண்டா மச்சான், நாக்கு வறண்டுகீது" என்றார். இவர் ஓடாத குறையாகப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணும் வாங்கிக் குடித்தாள். பிறகு என்னிடம் நீட்டினார். அவர் முன்னால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, குடித்தேன். விழுங்குவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் பழைய ஆள் தெரிந்தார்.

ரேஞ்சர் விஷயத்தை அவரே தீர்த்தார். "தண்ணிய என்கிட்டயே வுட்டுடு. அதுக்குப் பதிலா அம்ப எட்த்துக்கோ."

"அம்பு இல்லாம ரேஞ்சர் என்னங்க பண்ணுவாரு, அண்ணா?" என்றாள் மந்திரவாதி.

"சண்டய நீங்க பாத்துக்கங்க. நான் தண்ணி பாத்துக்கறேன். தண்ணி தேட்ற நாள்ல நான் வில்லயே தொட மாட்டேன். எதுனா வந்து கட்ச்சிதுன்னா நீங்க காப்பாத்துங்க."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். தண்ணீர் உறுதி, ஆனால் அன்றைக்குச் சண்டையில் ஒரு ஆள் குறைவு. மற்ற இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. பாலைவனத்துக்கு அதன் பயம் திரும்பக் கிடைத்துவிடும். நான் உட்கார்ந்து எழுதியதைவிட நல்ல விதி. அவரே இன்னொன்றும் சேர்த்தார்: எல்லோரும் குடித்த பிறகு, கடைசியில்தான் ரேஞ்சர் குடிப்பான். அதற்கு விளையாட்டில் ஒரு பலனும் கிடையாது. ஏன் என்று கேட்டேன். "ஊட்டுக்காரன் அப்பாலதானம்மே குடிப்பான்" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் கலகலப்பாகிவிட்டன. சொம்பு சுற்றி வரும். பாலைவனத்தில் தேளும் பாம்பும் கொள்ளையரும் வருவார்கள். வில்லில்லாத ரேஞ்சர் பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு "டேய் வாள்வீரா, எங்கடா போய்த் தொலஞ்ச, காப்பாத்துடா" என்று கத்துவார். நண்பர் மேஜையில் ஏறாத குறையாக வெட்டுவார். என் பாட்டில் கணக்கு மாறவில்லை. "எவ்ளோ?" என்பார். "ரெண்டு மடக்கு" என்பேன்.

மழைக்காலம் வந்தபோது அவர் உடம்பு ஒரேயடியாக இறங்கிவிட்டது. டயாலிசிஸ் பாதியில் ரத்த அழுத்தம் விழ ஆரம்பித்தது. இருதயமும் சோர்ந்துவிட்டது என்றார்கள். ஹாலில் கட்டில் போட்டு, மேஜையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டோம். இனி எப்போது போவார் என்பது மட்டும்தான் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பாலைவனத்த முட்ச்சிடு. நடுவுல வுட்டுட்டுப் போக முடியாது."

அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே காலி மனையெல்லாம் குளமாக நின்றது. பாலைவனத்தின் கடைசிப் பகுதியை நடத்தினேன். கொள்ளையர் தலைவன் விழுந்தான். மலையடிவாரம் வந்தது. ரேஞ்சர் தண்ணீர் தேடுவதாகச் சொன்னார். குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் நாங்கள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

நான் எழுதி வைத்திருந்ததைத் தள்ளிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாறை இடுக்கில் சுனை இருக்கிறது, அடிமணல் தெரிகிற தண்ணீர், கையை விட்டால் கை விறைக்கிற குளிர் என்றேன். அவர் முதலில் மந்திரவாதியைக் கூப்பிட்டு ஊற்றினார். பிறகு வாள்வீரனுக்கு. பிறகு நாய்க்குக் கையைக் குவித்துப் பிடித்தார். எப்போதும் அதோடு அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். ரேஞ்சர் கடைசியில் குடிப்பான் என்று விதி இருந்ததே தவிர, அந்தக் கடைசி ஒருநாளும் வந்ததில்லை.

"அண்ணா, உங்க ரேஞ்சர் இன்னும் குடிக்கலீங்களே" என்றாள் மாடிவீட்டுப் பெண்.

 அவர் என் முகத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்திலும் மாத்திரை நேரத்திலும் பார்ப்பாரே, அதே பார்வை.

"எவ்ளோ?" என்றார்.

பாவி மனுஷன். கதைக்குள் இருக்கிற தண்ணீரைக் குடிக்கவும் என்னிடம் அளவு கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கதை நடத்துகிறவள் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அளவே இல்லைங்க. வயிறு முட்டக் குடிங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, மெதுவாக முகத்துக்குக் கொண்டுபோனார். கையில் ஒன்றுமில்லை. உதடு மட்டும் அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி குனிந்து அள்ளினார். மறுபடியும் அள்ளினார். நண்பர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. முகத்தில் வழிந்ததைத் துடைப்பதுபோலப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னும் கீதாம்மே?"

"கீது" என்றேன். "நெறய கீது. குடிங்க."